கிளீன் அப்: எது போகும், எது மிஞ்சும்?

2019ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, வீட்டைப் பெருக்கினேன். பீரோவைக் காணோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அவர் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறார் என்று தெரிந்தது.

மஸ்கட்டில் இருக்கும் அவருடைய மகன், பேரனின் படங்களை இமெயிலில் அனுப்பி வந்தார். ஆசிரியரும் ஒவ்வொன்றாக டவுண்லோட் செய்து வைத்திருந்தார். அவை அனைத்தும் டவுண்லோட்ஸ் போல்டரில் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைந்துவிட்டது என்று விண்டோஸ் எச்சரிக்கை காட்டியதும், டிஸ்க் கிளீனப் புரோகிராமைத் திறந்திருக்கிறார். அதில் தெரிந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கிளிக் செய்துவிட்டார். அந்தக் கட்டங்களில் ஒன்று டவுண்லோட்ஸ்.

"கிளீன் அப் என்றால் சுத்தம் செய்வதுதானே? சுத்தம் செய்தால் குப்பைதானே போகும்?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. இந்தக் கேள்விக்கான பதிலைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கிளீன், கிளீன் அப், கிளீன் அவுட் போன்ற சொற்கள் கம்ப்யூட்டரில் பல இடங்களில் வருகின்றன. எல்லா இடத்திலும் அவற்றின் பொருள் ஒன்றல்ல.

"அப்" என்ற சின்னச் சொல்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுடன் அப், அவுட், ஆஃப் போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து தனிப் பொருள் தருவது உண்டு. இலக்கணத்தில் இதனை ஃப்ரேஸல் வெர்ப் என்பார்கள். கிளீன் அப் என்பதும் அப்படிப்பட்ட ஒன்று.

"அப்" என்றால் மேலே என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கு அந்தப் பொருள் இல்லை. ஒரு வேலையை முழுமையாக முடிப்பதைக் காட்டத்தான் இங்கே "அப்" வருகிறது. தமிழில் "விடு" என்ற துணைவினை செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். "சாப்பிடு" என்பதற்கும் "சாப்பிட்டுவிடு" என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். தட்டில் மீதம் வைக்காதே என்ற குறிப்பு இரண்டாவதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஈட், ஈட் அப் என்று சொல்வதும் இப்படித்தான்.

அதே போல, கிளீன் என்றால் அழுக்கை நீக்குவது. கிளீன் அப் என்றால் சிந்தியது, சிதறியது, கலைந்து கிடப்பது எல்லாவற்றையும் எடுத்து, இடத்தை ஒழுங்குபடுத்தி முடிப்பது. எனவே பல் துலக்குவதற்குக் கிளீன் மட்டும் போதும். யாரும் கிளீன் அப் என்று சொல்வதில்லை. கண்ணாடியைத் துடைப்பதும் கிளீன்தான். ஆனால் பிறந்த நாள் விழா முடிந்த பின்னர் காகிதத் தட்டுகளை அள்ளி, நாற்காலிகளை அடுக்கி, தரையைப் பெருக்கினால் அது கிளீன் அப்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, இதனைப் பிரித்தும் பயன்படுத்தலாம். "கிளீன் அப் தி ரூம்" என்றும் சொல்லலாம், "கிளீன் தி ரூம் அப்" என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே. ஆனால் அறை என்பதற்குப் பதிலாக "இட்" என்று வந்தால், அது நடுவில்தான் வர வேண்டும். "கிளீன் இட் அப்" என்பது சரி. "கிளீன் அப் இட்" என்பது தவறு.

இரண்டாவது, இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதினால் அது வினைச்சொல். ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். எனவேதான் புரோகிராமின் பெயரை டிஸ்க் கிளீனப் என்று சேர்த்து எழுதியுள்ளனர். அதே புரோகிராமின் உள்ளே உள்ள பட்டனில், செயலைக் குறிப்பதால், "கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்" என்று பிரித்து எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது, நடந்து முடிந்ததைச் சொல்ல கிளீன் என்ற பகுதிதான் மாறும். "கிளீன்ட் அப்" என்று வரும். "அப்" மாறாது.

செய்தித்தாள்களில் இதே சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. ஒரு துறையில் ஊழலை ஒழிப்பதையும் கிளீன் அப் என்று எழுதுவார்கள். ஒருவர் போட்டியில் எல்லாப் பரிசுகளையும் வாரிக்கொண்டு போனாலும், வியாபாரத்தில் பெரும் லாபம் பார்த்தாலும் அவர் "கிளீன்ட் அப்". "கிளீன் அப் ஆஃப்டர்" என்று வந்தால், வேறொருவர் போட்டுவிட்டுப் போன குப்பையை நாம் அள்ளுகிறோம் என்று பொருள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

சிக்கல் எங்கே இருக்கிறது?

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். கீழே உள்ள இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"கிளீன் அப் தி கிச்சன்." சமையலறையைச் சுத்தம் செய்.

"கிளீன் அப் தி மில்க்." சிந்திய பாலைத் துடைத்து எடு.

முதல் வாக்கியத்தில் வேலை முடிந்த பின்னர் சமையலறை மிஞ்சும். இரண்டாவதில் பால் போய்விடும். வினைச்சொல் ஒன்றுதான். ஆனால் அதன் பின்னர் வரும் பொருள் முதல் வாக்கியத்தில் மிஞ்சுகிறது, இரண்டாவதில் காணாமல் போகிறது.

இது நமக்குப் புதிதல்ல. "கண்ணைத் துடைத்தாள்" என்கிறோம். "கண்ணீரைத் துடைத்தாள்" என்றும் சொல்கிறோம். கண் மிஞ்சும், கண்ணீர் போகும். "வீட்டைப் பெருக்கு", "குப்பையைப் பெருக்கு" என்பதும் இப்படித்தான். கண் எது, கண்ணீர் எது என்று நமக்குத் தெரியும் என்பதால் தடுமாறுவதில்லை. கம்ப்யூட்டரில் புதிதாக நுழைபவருக்கு எது வீடு, எது குப்பை என்று தெரியாது. அங்கேதான் விபத்து நடக்கிறது.

டிஸ்க் கிளீனப் என்பதில் டிஸ்க் என்பது வீடு. அது மிஞ்சும். ஆனால் உள்ளே பட்டியலில் வரும் ஒவ்வொரு வரியும் பால். டிக் செய்தால் அது போய்விடும். ஆசிரியர் பட்டியலையும் வீட்டின் அறைகள் என்று எண்ணிவிட்டார். டவுண்லோட்ஸ் என்ற அறையைப் பெருக்கித் தரும் என்று நினைத்தார். புரோகிராமோ அறையில் இருந்த அத்தனையையும் குப்பை என்று எடுத்துக்கொண்டது.

அவுட், ஆஃப் என்று வந்தால்

கிளீன் அவுட் என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் காலி செய்வது. பாத்திரம் கழுவுவதற்கு முன்னர், மீதம் இருப்பதை எடுத்து "ஒழித்துப் போடு" என்று வீட்டில் சொல்வோம் அல்லவா? கிட்டத்தட்ட அந்தப் பொருள்தான். அலமாரி, கைப்பை, பிரிட்ஜ் போன்ற உள்ளே பொருள் வைக்கும் எதற்கும் இச்சொல் வரும். அலமாரி மிஞ்சும், உள்ளே இருந்தவை வெளியே வந்துவிடும். ஒருவர் பணம் முழுவதையும் இழந்து நின்றாலும் அவர் "கிளீன்ட் அவுட்" ஆகிவிட்டார் என்பார்கள்.

கிளீன் ஆஃப் என்பது மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை நீக்குவது. செருப்பில் ஒட்டிய சேறு, மானிட்டரில் படிந்த தூசு போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

டிஸ்க் கிளீனப்பைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

டிஸ்க் கிளீனப் 1998இல் விண்டோஸ் 98 தொகுப்புடன் வந்தது. விண்டோஸ் 11 தொகுப்பிலும் உள்ளது. இதனைத் திறக்க, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் சிறிய கட்டத்தில் ஆங்கிலத்தில் கிளீன் என்று டைப் செய்து, இடைவெளி இல்லாமல் அதனுடன் எம், ஜி, ஆர் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து என்டர் தட்டவும். மேனேஜர் என்பதன் சுருக்கம்தான் இந்த மூன்று எழுத்துகள். ஆனாலும் நம் ஊரில் யாருக்கும் இது மறக்காது.

ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ்கள் இருந்தால், எந்த டிரைவ் என்று கேட்கும். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். சிறிது நேரத்தில் பட்டியல் ஒன்று கிடைக்கும். இதில் உள்ள வரி ஒன்றின் மீது கிளிக் செய்தால், அது என்ன என்ற விளக்கம் கீழே தெரியும். டிக் செய்யும் முன்னர் இதனை அவசியம் படியுங்கள். முக்கியமான சிலவற்றை இங்கு பார்ப்போம்.

டெம்பரரி பைல்ஸ்: புரோகிராம்கள் தங்கள் வேலைக்காகத் தற்காலிகமாக உருவாக்கியவை. தாராளமாக நீக்கலாம்.

தம்ப்நெயில்ஸ்: உங்கள் படங்களின் சிறு முன்தோற்றங்கள். இவற்றை நீக்கினால் உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை போல்டரைத் திறக்கையில் விண்டோஸ் இவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். அப்போது சற்றுத் தாமதமாகலாம்.

ரீசைக்கிள் பின்: நீங்கள் முன்னர் அழித்த பைல்கள் இதில் இருக்கும். இதனை டிக் செய்தால் அவற்றைத் திரும்பப் பெறும் வாய்ப்பு போய்விடும். ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு டிக் செய்வது நல்லது.

டவுண்லோட்ஸ்: ஆசிரியரைக் கவிழ்த்த வரி. 2018இல் வெளியான விண்டோஸ் 10 தொகுப்பின் 1809 பதிப்பில் இது இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020இல் வந்த 2004 என்ற எண் கொண்ட பதிப்பில் எடுக்கப்பட்டது. ஆனால் ஆபத்து முழுவதும் நீங்கிவிடவில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் எனச் சென்று டெம்பரரி பைல்ஸ் பகுதியைத் திறந்தால், அங்குள்ள பட்டியலில் டவுண்லோட்ஸ் இருக்கும். தற்காலிகம் என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் அதுவும் குப்பை என்று எண்ணி டிக் செய்துவிடாதீர்கள்.

பட்டியலின் கீழே "கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்" என்ற பட்டன் உள்ளது. இதனைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். விண்டோஸ் இயங்கத் தேவையான பைல்களையே நீக்கிவிடுமோ என்ற சந்தேகம் எழும். அப்படி இல்லை. பழைய அப்டேட்கள், முந்தைய விண்டோஸ் பதிப்பு போன்ற, பயன் முடிந்த சிஸ்டம் பைல்களை இது பட்டியலில் கூடுதலாகக் காட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும். விண்டோஸைப் புதிய பதிப்பிற்கு மாற்றிய சில நாட்களிலேயே முந்தைய பதிப்பை நீக்கிவிட்டால், பழையதற்குத் திரும்பிச் செல்ல முடியாது. பொதுவாகப் பத்து நாட்கள் வரை திரும்பிச் செல்ல விண்டோஸ் இடம் தருகிறது.

இன்னொரு முக்கியச் செய்தி. டிஸ்க் கிளீனப் நீக்கும் பைல்கள் ரீசைக்கிள் பின்னிற்குச் செல்வதில்லை. நேரடியாக அழிக்கப்படுகின்றன. எனவே ஓகே கிளிக் செய்யும் முன்னரே யோசித்துவிட வேண்டும்.

எதையும் அழிக்காத கிளீன் அப்

எல்லா கிளீன் அப்பும் பைல்களை அழிப்பதில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தொகுப்பில் டெஸ்க்டாப் கிளீனப் விஸார்ட் என்று ஒன்று இருந்தது. பல நாட்களாகப் பயன்படுத்தாத ஷார்ட் கட்களை எடுத்துத் தனி போல்டர் ஒன்றில் வைத்துவிடும். எதையும் அழிக்காது. வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுவது போல.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் வியூ மெனுவில் கிளீன் அப் என்ற கட்டளை உண்டு. அது ஐகான்களை வரிசையாக அடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே ஆப்பிள் நிறுவனம் 2024இல் போட்டோஸ் அப்ளிகேஷனில் கிளீன் அப் என்ற பெயரிலேயே ஒரு வசதியைத் தந்தது. அது படத்தில் பின்னால் தெரியும் வேண்டாத ஆட்களையும் பொருட்களையும் நீக்கும். ஒரே நிறுவனம், ஒரே சொல், இரண்டு வேலைகள்.

அவுட்லுக் தொகுப்பில் உள்ள கிளீன் அப், நீண்ட இமெயில் உரையாடல்களுக்கானது. பின்னால் வந்த பதில் கடிதத்திலேயே முன்னது முழுவதுமாக இருந்தால், அந்த முன்னதை டெலிட்டட் ஐட்டம்ஸ் போல்டருக்கு அனுப்பிவிடும்.

தனியாக வரும் "கிளீன்"

அப், அவுட் எதுவும் இல்லாமல் கிளீன் என்று மட்டும் வந்தால், சாதாரண வேலை என்று எண்ணிவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் மிகப் பெரிய அழிவைச் செய்யக்கூடியது இந்தத் தனிச் சொல்தான்.

டிஸ்க்பார்ட் என்ற புரோகிராமில் கிளீன் என்று கட்டளை கொடுத்தால், தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன் விவரங்கள் அனைத்தும் நீக்கப்படும். சி, டி, ஈ என்று பிரித்து வைத்த எதுவும் தெரியாது. "கிளீன் ஆல்" என்று கொடுத்தாலோ டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் பூஜ்யம் எழுதப்படும். அதன் பின்னர் எதையும் மீட்க முடியாது. பென் டிரைவைச் சரி செய்ய இந்தக் கட்டளையைப் பலர் சொல்லித் தருவார்கள். டிஸ்க் எண்ணை மாற்றித் தேர்ந்தெடுத்தால், பென் டிரைவிற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க் காலியாகிவிடும்.

விண்டோஸில் "ரீசெட் திஸ் பிசி" கொடுத்து, அனைத்தையும் நீக்கு என்ற வழியில் சென்றால், "கிளீன் டேட்டா" என்று ஒரு தேர்வு கிடைக்கும். இது, அழித்த பைல்களை மற்றவர்கள் மீட்பதைக் கடினமாக்கும். கம்ப்யூட்டரை விற்கும்போது அல்லது வேறொருவருக்குக் கொடுக்கும்போது மட்டும் இதனைப் பயன்படுத்தவும்.

கிளீன் இன்ஸ்டால் என்றால், பழையதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதிவது. பதியும் பார்ட்டிஷனில் உள்ள உங்கள் பைல்களும் போய்விடும். ஆனால் கிளீன் பூட் என்பது எதையும் அழிக்காது. மற்ற நிறுவனங்களின் சர்வீஸ்களையும் கூடுதல் புரோகிராம்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்குவது. பிரச்னை எதனால் வருகிறது என்று கண்டறிய இது உதவும்.

ஆன்ட்டி வைரஸ் புரோகிராமில் கிளீன் என்றால், பைலில் ஒட்டியுள்ள வைரஸை நீக்கிவிட்டு, பைலைக் காப்பாற்ற முயற்சிப்பது. டெலிட் என்றால் பைலே போய்விடும். இங்க்ஜெட் பிரிண்டரில் ஹெட் கிளீனிங் என்பதற்கும் பைல்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மை செலவாகும். அடிக்கடி கொடுத்தால் காலியாவது உங்கள் பர்ஸ்தான்.

"உங்கள் கம்ப்யூட்டரைக் கிளீன் அப் செய்யுங்கள்"

இணையத்தில் உலா வருகையில் திடீரென ஒரு விண்டோ தோன்றி, உங்கள் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான பிழைகள் உள்ளன, உடனே கிளீன் அப் செய்யவும் என்று மிரட்டும். இணையப் பக்கம் ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து இப்படிச் சொல்ல முடியாது. அதில் எந்தப் பட்டனையும் தொடாமல் பிரவுசரை மூடிவிடுங்கள்.

பெயர் பெற்ற புரோகிராம் என்றாலும் கவனம் தேவை. உலகெங்கும் பலர் பயன்படுத்தும் சிகிளீனர் புரோகிராமின் 5.33 பதிப்பில், 2017ஆம் ஆண்டு ஹேக்கர்கள் தீங்கு செய்யும் குறியீட்டை நுழைத்தனர். அது நிறுவனத்தின் சர்வரிலிருந்தே ஏறத்தாழ ஒரு மாதம் விநியோகம் ஆனது. புதிய கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, விண்டோஸ் தரும் கிளீன் அப் வசதிகளே போதுமானவை.

கிளிக் செய்யும் முன்னர்

கிளீன் என்ற சொல் எந்த வடிவில் வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது கண்ணா, கண்ணீரா? அதாவது மிஞ்சப் போவதா, போகப் போவதா? போவது ரீசைக்கிள் பின்னிற்குப் போகிறதா, ஒரேயடியாகவா? போனால், இதற்கு வேறு இடத்தில் காப்பி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், முதலில் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிட்டு வாருங்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால், உடனே அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்வதை நிறுத்துங்கள். புதிதாக எதையும் பதிய வேண்டாம். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், அழித்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்படும் வரை மீட்கும் வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. டிரைவ் என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. டவுண்லோட்ஸ் போல்டரை நிரந்தரச் சேமிப்பு இடமாக வைத்திருப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அது வாசலில் இறக்கி வைத்த சாமான். உள்ளே எடுத்து, உரிய போல்டரில் வைப்பது உங்கள் வேலை.

ஆசிரியர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது எஸ்.எஸ்.டி. டிரைவ். இமெயில்கள் எங்கே என்று கேட்டேன். "எல்லாவற்றையும் டவுண்லோட் செய்துவிட்டேனே, அதனால் பழையவற்றை நீக்கிவிட்டேன் தம்பி" என்றார். மகன் தன்னிடம் இருந்தவற்றை மீண்டும் அனுப்பினார். இடையில் அவர் தொலைத்துவிட்ட ஒரு போனில் எடுத்த படங்கள் மட்டும் கிடைக்கவில்லை. பேரன் முதன்முதலில் எழுந்து நின்ற படம் அதில் ஒன்று.

இப்போது ஆசிரியரின் மேஜையில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று படங்களைக் காப்பி எடுக்கிறார். டிஸ்க் கிளீனப்பையும் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு வரியையும் கிளிக் செய்து, கீழே உள்ள விளக்கத்தை வாய்விட்டுப் படித்த பிறகே டிக் செய்கிறார்.